ஆழ்கடல் கண்ட அறிஞர் ஜான் மர்ரே

கடல் தரும் செல்வம் யாது எனக் கேட்டால் முத்தென்போம், பவளமென்போம். அவ்வரிசையில் எவரும் வைத்தெண்ணாத கருங்கல் ஒன்றும் கடலில் உண்டு. உருளைக்கிழங்கை ஒத்த அளவும் வடிவும் கொண்டு, நான்காயிரம் ஐயாயிரம் மீட்டர் ஆழத்தில், கதிரொளி புகாத கடற்றரையில் அது பரவிக் கிடக்கிறது. மாங்கனீசு முடிச்சு என்பது அதன் பெயர். சிறு துகளைச் சுற்றி முத்து படலம் படலமாக வளர்வது போலவே, இதுவும் ஒரு கருவைச் சுற்றி வளர்வது. மாங்கனீசும் இரும்பும் மிகுந்த இக்கல்லில் நிக்கல், செம்பு, கோபால்ட் ஆகியனவும் சிறிதளவு கலந்துள்ளன. இதன் இயல்பை முறைப்பட ஆராய்ந்து உலகிற்கு உரைத்தோருள் முதன்மையானவர் சர் ஜான் மர்ரே.

1841 மார்ச் 3ஆம் நாள் கனடாவிலுள்ள கோபர்க் என்னும் ஊரில், ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோர்க்கு அவர் பிறந்தார். பதினேழு வயதளவில் ஸ்காட்லாந்து சென்று தாய்வழிப் பாட்டனார் ஆதரவில் கல்வியைத் தொடர்ந்தார். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றார்; ஆனால் பட்டம் பெறவில்லை. விரும்பிய பாடத்தை விரும்பிய ஆசிரியரிடம் கேட்பதே அவருடைய வழக்கம். தேர்வு எழுதாதவர் பேரறிஞரானார் என இதனைப் படிக்கும் மாணவர் மகிழ வேண்டா. அவர் ஆய்வுக்கூடத்தில் செலவிட்ட காலமும் சிறிதன்று. 1868இல் திமிங்கில வேட்டைக் கப்பலொன்றில் மருத்துவராகச் சென்று வடதுருவப் பனிக்கடலைக் கண்டு மீண்டார்.

1872இல் ஆங்கில அரசின் ‘சேலஞ்சர்’ கப்பல் உலகக் கடல்களை ஆராயப் புறப்பட இருந்தது. அறிஞர் குழுவில் ஓரிடம் எதிர்பாராது காலியாக, அது மர்ரேக்கு வாய்த்தது. அவ்வாண்டு டிசம்பர் 21ஆம் நாள் போர்ட்ஸ்மவுத்திலிருந்து புறப்பட்ட கப்பல், ஏறத்தாழ 69,000 கடல் மைல் கடந்து 1876 மே மாதம் தாயகம் திரும்பியது. 1873 பிப்ரவரி 18 அன்று கானரித் தீவுகளுக்குத் தென்மேற்கே கடலடியை வாரிய வலையில், கறுத்து நீள்வட்டமான சில பொருள்கள் ஏறி வந்தன. அவை ஏறத்தாழ முழுவதும் மாங்கனீசு ஆக்சைடே என்பதைக் கப்பலின் வேதியியலாளர் புக்கானன் கண்டறிந்தார். உடன் சென்றோர் பெரிதும் உயிரினங்களை நாட, மர்ரேயோ கடலடிச் சேற்றையும் விடாது பற்றிக்கொண்டார்.

அச்சேறு அவருக்குக் கூறிய செய்தி வியப்பானது. தென் பசிபிக்கின் ஆழங்களில் ஒரே வாரலில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட சுறாப் பற்களும், திமிங்கிலங்களின் செவியெலும்புகளும், முடிச்சுகளும் ஒருங்கே வந்தன. அப்பற்களுள் சில, மண்ணுலகில் அற்றுப்போன சுறா இனங்களுக்கு உரியவை. கரையோரக் கடலிலாயின் விழுந்த பல்லை வண்டல் விரைவில் மூடிவிடும்; இங்கோ பழம்பல்லும் புதுப்பல்லும் அருகருகே கிடந்தன. ஆகவே அவ்வாழங்களில் செங்களிமண் படிவது எண்ணவொண்ணாத அளவு மெதுவாக நிகழ்கிறது என மர்ரே முடிவு செய்தார். அக்களியில் காந்தத்தைச் செலுத்தி, விண்ணிலிருந்து வீழ்ந்த நுண்ணிய இரும்புக் குண்டுமணிகளையும் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் கதிரியக்க முறைகள் அவர் கருத்தை உறுதி செய்தன. ஆழ்கடல் முடிச்சு பத்து இலட்சம் ஆண்டில் சில மில்லிமீட்டரே பருக்கிறது. சேறு தங்காத கடலடி மலைச்சரிவுகளிலோ அதே பொருள் பாறைமேல் பொருக்காகப் படர்கிறது.

இனி, இம்மாங்கனீசு எங்கிருந்து வந்தது? கடலடியிற் கிடக்கும் எரிமலைப் பொருள்கள் சிதைந்து அதனைத் தந்தன என்றார் மர்ரே. அவருடன் இணைந்து ஆய்ந்த பெல்ஜிய அறிஞர் ரெனார், கடல்நீரில் கரைந்திருப்பதே படிகிறது என்றார். 1891இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட ஆழ்கடற் படிவுகள் பற்றிய பெருநூலில் இவ்வேறுபாடு மறைக்கப்படவில்லை. இற்றை அறிவியல் கடல்நீரையும், சேற்றினுள் ஊறும் நீரையும் நேரடி ஊற்றுகளாகக் கொள்கிறது. இவ்வழக்கில் ரெனாரே மெய்ம்மைக்கு அணுக்கமாக நின்றார் என்பதே நம் கருத்து. ஆயினும் மாற்றுக் கருத்தினரோடு ஒரே நூலில் பெயரிட்டு நிற்க மர்ரே தயங்கவில்லை. நம் அறிஞருலகில் அஃது அரிதாகவே காணப்படும் பண்பு.

1882இல் குழுத்தலைவர் வைவில் தாம்சன் மறைய, அறிக்கைகளை வெளியிடும் பெரும்பொறுப்பு மர்ரேயின் தோள்மேல் விழுந்தது. அரசு நிதி போதாதபோது தம் பணத்தையும் செலவிட்டு, 1895க்குள் ஐம்பது தொகுதிகளையும் அவர் நிறைவு செய்தார். சாவகத்திற்குத் தெற்கேயுள்ள கிறிஸ்துமஸ் தீவிலிருந்து வந்த பாறைத்துண்டில் பாஸ்பேட் இருப்பதைக் கண்டவரும் அவரே. 1888இல் ஆங்கில அரசு அத்தீவைத் தனதாக்கிக்கொண்டது. சுரங்கம் அமைத்த நிறுவனத்தில் மர்ரேயும் பங்காளியானார். அங்கிருந்து அரசுக்குக் கிடைத்த வருவாய் சேலஞ்சர் பயணச் செலவையே விஞ்சியது என அவர் கணக்குக் காட்டினார். அக்கணக்கில் ஏறாத ஒன்றுண்டு. சுரங்கத்தில் உழைத்த கூலித் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பெரிபெரி நோயால் மாண்டனர். மர்ரேயின் புகழைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசுதல் நேர்மை.

1898இல் ‘சர்’ பட்டம் பெற்ற பின்னரும் அவர் ஓயவில்லை. ஸ்காட்லாந்தின் 562 ஏரிகளை ஆழமளந்தார். 1910இல், அகவை எழுபதை நெருங்கிய நிலையில், நார்வேக் கப்பலொன்றில் அட்லாண்டிக் கடலாய்வுக்குச் சென்றார். 1914 மார்ச் 16ஆம் நாள் எடின்பரோவுக்கு அருகே மோட்டார் வண்டி கவிழ்ந்து உயிர்நீத்தார்.

கடலாய்வுக்கென அவர் ஒதுக்கிச் சென்ற செல்வம் 1933இல் பயன்பட்டது. எகிப்திய அரசு தந்துதவிய ‘மபாஹித்’ என்னும் கப்பலில், பெரும்பாலும் எகிப்திய மாலுமியரோடு, அவர் பெயர் தாங்கிய ஆய்வுக்குழு அலெக்சாந்திரியாவிலிருந்து செங்கடல் வழியே அரபிக்கடலுக்கு வந்தது. ஹுசைன் ஃபௌசி, அப்துல் ஃபத்தாஹ் முஹம்மது என்னும் எகிப்திய அறிஞர் இருவரும் அதிற் பணியாற்றினர். ஃபௌசி பின்னர் அப்பயணத்தைச் சிந்துபாத்தின் பெயரோடு இணைத்து அரபியில் நூலாக எழுதினார். அரபிக்கடலின் அடியில் அக்குழு அளந்தறிந்த மலைத்தொடர் மர்ரே தொடர் என வழங்குகிறது.