கத்தியைக் கீழே வைத்த அறுவை மருத்துவர்: அல்-ஸஹ்ராவி

கைக்குழந்தையின் தலை நாளுக்கு நாள் பெரிதாவதைக் கண்டு கலங்கும் பெற்றோர் இன்றும் உண்டு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு குழந்தையைப் பார்த்து, பார்த்ததை மறைக்காமல் எழுதி வைத்தவர் அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி.

ஸ்பெயினின் குர்துபாவுக்கு அருகிலிருந்த மதீனத்துஸ் ஸஹ்ரா நகரில் 936ஆம் ஆண்டளவில் பிறந்தார். மதீனாவின் அன்சாரிகள் வழிவந்தவர் என்பதை அவர் பெயரிலுள்ள அல்-அன்சாரி காட்டுகிறது. தம் வாழ்நாள் அனுபவத்தை 'அத்தஸ்ரீஃப்' என்ற 30 பாகங்கள் கொண்ட நூலாகத் தொகுத்தார். கடைசிப் பாகம் முழுவதும் அறுவை சிகிச்சை. ஏறத்தாழ 200 கருவிகளின் படங்களும் அதில் உண்டு. 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீனுக்குச் சென்றது. ஐரோப்பிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் படித்தார்கள்.

மாணவர்களைப் பிள்ளைகளே என்று அழைத்த அவர், நலம் தரும் அறுவையையும் ஆபத்தான அறுவையையும் பிரித்தறியச் சொன்னார். உடற்கூறு தெரியாத மருத்துவர் ஒருவர் ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுக்கப்போய், இரத்தக் குழாய் வெட்டுப்பட்டு அவர் இறந்ததையும் எச்சரிக்கையாக எழுதினார்.

குழந்தைகளின் தலையில் நீர் கோர்ப்பதற்கும் அந்நூலில் தனி இடமுண்டு. தோலுக்கும் எலும்புக்கும் இடையே தங்கும் நீரையும், எலும்புக்கு உள்ளே தேங்கும் நீரையும் பிரித்துக் காட்டி, கீறி வெளியேற்றும் முறையையும் விளக்கினார். ஆனால், தாம் கண்ட குழந்தைகள் விரைவிலேயே இறந்துவிட்டதால், தாம் இந்த அறுவையைச் செய்ய விரும்பவில்லை என்றார். தலையின் பாரத்தால் உட்காரக்கூட முடியாமல் இறந்துபோன சிறுவனைப் பற்றியும் பதிவு செய்தார்.

அன்று இல்லாத வழி இன்று இருக்கிறது. குறைமாதக் குழந்தைகளின் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டால், அந்த இரத்தம் மூளைநீர் வடியும் பாதையை அடைத்துவிடலாம். உச்சிக்குழி வழியே ஸ்கேன் செய்து இதைக் கண்டறிகிறார்கள். எடை மிகக் குறைந்த குழந்தைக்கு முதலில் தற்காலிகமாக நீரை எடுத்துவிட்டு, பின்னர் தேவைப்பட்டால் 'ஷன்ட்' என்ற மெல்லிய குழாயால் அதை வயிற்றுக்குள் திருப்பிவிடுகிறார்கள். அந்தக் குழாய் அடைபடலாம், கிருமித்தொற்றும் வரலாம்; எனவே தொடர் கண்காணிப்பு அவசியம். தலை வேகமாகப் பெரிதாவது, உச்சிக்குழி புடைப்பது, ஓயாத வாந்தி, கண்கள் கீழ்நோக்கியே நிற்பது ஆகியவற்றைக் கண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

உள்நாட்டுப் போரில் மதீனத்துஸ் ஸஹ்ரா பாழானது. அல்-ஸஹ்ராவி 1013ஆம் ஆண்டளவில் மறைந்தார். நகரம் அழிந்தாலும், தம்மால் முடிந்ததோடு முடியாததையும் அவர் எழுதிய நூல் நிலைத்தது.