நிலத்தை அளந்த வில்லியம் லாம்டன்

கணிதப் பாடத்தில், ஒரு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டரைக் குறிக்கும் என்று வைத்துக்கொண்டு, ஓர் ஊரையே தாளில் அடக்கிவிடுகிறோம். இவ்விகித முறையைக் கொண்டு ஒரு பெருநாட்டை அளக்கத் தொடங்கியவர் வில்லியம் லாம்டன்.

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எளிய குடும்பத்தில் பிறந்த அவர், படையில் சேர்ந்து அமெரிக்காவிலும் பின்னர் இந்தியாவிலும் பணியாற்றினார். சூரிய கிரகணத்தைத் தக்க காப்பின்றி நோக்கியதால் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். எஞ்சிய ஒரு கண்ணைக் கொண்டே இத்துணைப் பெரும்பணியை மேற்கொண்டார் என்பதை எண்ணி நாம் வியக்கிறோம்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் பணி தொடங்கியது. முதலில் ஏழரை மைல், அதாவது ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அளந்தார். 100 அடி நீள எஃகுச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை வைத்து அளக்க வேண்டியிருந்தது. வெயிலில் எஃகு நீளுமன்றோ? ஆதலின் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, கூடார நிழலில் வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்.

ஒரு கோட்டிற்கு இத்துணைக் கவலை எதற்கு? நாமே வரைந்து பார்ப்போம். 12 சென்டிமீட்டர்க் கோடு ஒன்றை வரைந்து, அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவிலுள்ள ஒரு குன்று தெரியும் கோணங்களைக் குறித்தால், இரு கோடுகளும் சந்திக்குமிடமே குன்றாகும். நடந்து செல்லாமலே அதன் தொலைவு தெரிந்துவிடும். ஆனால் தாளில் ஒரு மில்லிமீட்டர் பிழைத்தால் நிலத்தில் 100 மீட்டர் பிழைக்கும். ஒரு முக்கோணத்தின் பக்கமே அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடாவதால், முதற்பிழை இறுதிவரை தொடரும். லாம்டன் தாளில் அளக்காமல் கணக்கிட்டே தொலைவுகளைக் கண்டார். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரை வரை பழைய வரைபடங்கள் காட்டிய 400 மைல் தவறு, உண்மையில் 360 மைலே என்று நிறுவினார்.

1808இல் பேரிடர் நேர்ந்தது. தென்னையும் பனையும் பார்வையை மறைத்த தஞ்சைச் சமவெளியில், பெரிய கோயிலின் விமானத்தின் மீது கோணமளக்கும் கருவியை ஏற்றினர். அரை டன் எடையுள்ள அக்கருவி கயிறு அறுந்து சுவரில் மோதியது. அதன் வட்டத்தகடு நெளிந்தது. வட்டம் நெளிந்தால் கோணம் பொய்யாகும்; கோணம் பொய்த்தால் எல்லாம் வீண். லாம்டன் கூடாரத்தினுள் புகுந்து, ஆறு வாரம் மரச்சுத்தியாலும் திருகுகளாலும் சிறிது சிறிதாகத் தகட்டை நிமிர்த்தினார். அதே கருவியுடன் குமரிமுனை வரை சென்றார்.

பின்னர் வடக்கு நோக்கிச் சென்ற முக்கோணத் தொடர் நடு இந்தியாவை எட்டியிருந்தபோது, 1823ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், ஹிங்கன்காட் என்னும் ஊரில் அவர் உயிர்நீத்தார். பணியைத் தொடர்ந்தவர் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் எவரெஸ்ட். உலகின் மிக உயர்ந்த சிகரம் 1865இல் எவரெஸ்டின் பெயரைப் பெற்றது. லாம்டனின் கல்லறை ஹிங்கன்காட்டிலேயே உள்ளது.