மாஹிமின் மகான்

மும்பையில் தமிழர்கள் திரளாக வாழும் தாராவிக்கும் மாதுங்காவுக்கும் மேற்கே, அரபிக் கடலை ஒட்டி அமைந்திருப்பது மாஹிம். அங்குள்ள தர்காவில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டுகளாக அடங்கியிருப்பவர் மக்தூம் அலி மாஹிமி. கல்வியில் பேரறிஞர், வாழ்வில் பக்தர், சிந்தனையில் தத்துவ ஞானி என்று மூன்று நிலைகளிலும் சிறந்து விளங்கியவர் அவர்.

இன்று ஒரே நகரமாகத் தோன்றும் மும்பை அக்காலத்தில் ஏழு தீவுகளாக இருந்தது. அவற்றுள் ஒன்று மாஹிம். கோலி மீனவர்கள் மும்பாதேவியை வழிபட்டு வந்த இப்பகுதியில், கடல் வாணிபத்தின் பொருட்டு வந்த அராபியரின் சந்ததியினரும் குடியேறி வாழ்ந்தனர். நவாயத் எனப்படும் அந்தச் சமூகத்தில் 1372-ஆம் ஆண்டு மக்தூம் அலி பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்த அவரைத் தாயார் ஃபாத்திமா கண்ணும் கருத்துமாக வளர்த்தார்.

அவரது இளம்பருவ நிகழ்ச்சி ஒன்றை மக்கள் இன்றும் பக்தியுடன் கூறுவர். ஓர் இரவு தாயார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். மகன் கொண்டு வருவதற்குள் அவர் உறங்கிவிட்டார். எழுப்பினால் உறக்கம் கெடும்; அகன்றால் விழித்ததும் தாகத்தால் தவிப்பார். எனவே கையில் கிண்ணத்துடன் விடியும் வரை மகன் அப்படியே நின்றிருந்தார். கண்விழித்த தாய் மனமுருகி இறைவனிடம் அவருக்காகப் பிரார்த்தித்தார். அந்தப் பிரார்த்தனையே அவரை மகானாக்கியது என்பது மக்களின் நம்பிக்கை. பிறர் தேவையை அவர்களது நிலையில் நின்று உணர்வதே சேவை என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

வளர்ந்தபின் அவர் அரபு மொழியில் பல நூல்களை இயற்றினார். திருக்குர்ஆனுக்கு அவர் எழுதிய விரிவுரை 'தஃப்ஸீரே ரஹ்மானி' என்ற பெயரால் புகழ்பெற்றது. வசனங்கள் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பை விளக்குவது அதன் சிறப்பு. ஒன்றைத் தவிர மற்ற எல்லா அத்தியாயங்களின் தொடக்கத்திலும் ஒரேவிதமாக வரும் இறைநாமத்திற்கு அந்தந்த அத்தியாயத்தின் உட்பொருளுக்கேற்ப அவர் வெவ்வேறு விளக்கம் தந்துள்ளார்.

ஸ்பெயினில் பிறந்து 1240-இல் டமாஸ்கஸில் மறைந்த ஞானி இப்னு அரபியின் கொள்கையில் அவர் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தார். அவரது நூலுக்கு உரையும் எழுதினார். உண்மையில் இருப்பது இறைவன் ஒருவனே. காண்பவை அனைத்தும் அவனது வெளிப்பாடே என்பது அக்கொள்கை. அத்வைதம் பயின்றவர்கள் இதில் தங்களுக்கு நெருங்கிய ஒரு குரலைக் கேட்கலாம். நீருக்குத் தனி நிறமில்லை, கலத்தின் நிறத்தையே அது காட்டுகிறது என்பது சூஃபிகளின் பழைய உவமை. ஒவ்வொருவரும் தம் உள்ளத்தின் அளவுக்கும் இயல்புக்கும் ஏற்பவே இறைவனை அறிகின்றனர். தாம் அறிந்ததே முழுமை என்று எண்ணிப் பிறர் அறிந்ததை மறுப்பதுதான் பிழை.

இக்கொள்கையைப் பல அறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர். ஆயினும் மக்தூம் அலி அதனைத் துணிவுடன் ஆதரித்தார். அதேசமயம் தம் மார்க்க ஒழுக்கங்களிலிருந்து அவர் சிறிதும் விலகவில்லை. மார்க்கச் சட்டங்களில் வல்லவராகவே அவர் போற்றப்பட்டார். சொந்த நெறியில் உறுதியாக நிற்பதும் பரந்த நோக்குடன் சிந்திப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல என்பதற்கு அவரது வாழ்க்கை சான்று.

1431-ஆம் ஆண்டு அவர் மறைந்தார். ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் பத்து நாட்கள் மாஹிமில் விழா நடைபெறுகிறது. மும்பை காவல்துறையினர் சந்தனமும் போர்வையும் கொண்டுவந்து சமர்ப்பிப்பது அதன் மரபு. முஸ்லிம்களோடு இந்துக்களும் பிறரும் பூவும் வேண்டுதலுமாக வருகின்றனர். நாகூர் கந்தூரியைக் கண்ட தமிழர்களுக்கு இது புதிய காட்சி அல்ல. அருகிலுள்ள புனித மைக்கேல் தேவாலயத்தின் புதன்கிழமை நவநாள் வழிபாட்டிற்கும் இவ்வாறே பல மதத்தினரும் வருகின்றனர். வருபவர்கள் தம் மதத்தைத் துறப்பதில்லை. பிறர் போற்றும் இடத்தில் தாமும் தலைவணங்குகின்றனர்.

இந்த உணர்வு தளர்ந்தால் என்ன நேரும் என்பதையும் இந்நகரம் அறியும். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மூண்ட கலவரங்களில் மும்பை பெரும் துயருற்றது. தாராவியும் அதற்குத் தப்பவில்லை. பின்னர் அமைந்த மொஹல்லா குழுக்களில் இரு மதத்தினரும் அருகருகே அமர்ந்து மீண்டும் நம்பிக்கையை வளர்க்க வேண்டியிருந்தது. மரியாதை என்பது ஒருமுறை பெற்றுப் பூட்டி வைக்கும் செல்வமன்று. அன்றாடம் பழக வேண்டிய சாதனை.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1866-இல் இஸ்லாமிய சாதனையில் ஈடுபட்டபோது, அந்நெறியைப் பின்பற்றுபவர் போலவே உடுத்தி, உண்டு, வழிபட்டார். பிறர் நெறியை வெளியிலிருந்து எடைபோடாமல் அதன் உள்ளிருந்தே அறிந்தார். அனைவருக்கும் அத்தகைய சாதனை இயலாது. ஆனால் அண்டை வீட்டார் தம் இறைவனிடம் காணும் ஆனந்தத்தை ஏளனம் செய்யாமல், அதனைக் கண்டு மகிழ யாராலும் இயலும். உறங்கும் தாயின் அருகே கிண்ணத்துடன் காத்துநின்ற பொறுமை இதற்கும் தேவை.