ஒரு ‘டக்’ சத்தத்தில் பிறந்த வைத்தியம்... யார் இந்த டேனியல் டேவிட் பால்மர்?

சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையை இரண்டு பக்கமும் திருப்பி ‘டக் டக்’னு நெட்டி முறிப்பது நமக்குப் புதுசு இல்ல. இப்போ அதே சத்தம் செல்போன் வீடியோக்களிலும் கேட்குது. படுத்திருப்பவரின் கழுத்தை ஒருவர் சட்டென்று திருப்புகிறார். அடுத்த நொடி வலி போயிடுச்சுன்னு சிரிப்பு! கைரோபிராக்டிக் என்ற இந்த சிகிச்சையை உருவாக்கியவர், மருத்துவக் கல்லூரிப் பக்கமே போகாத ஒரு முன்னாள் மளிகைக் கடைக்காரர். அவர் கதையைத் தெரிஞ்சுக்கிட்டா, கழுத்தை யாரிடம் கொடுக்கலாம், கொடுக்கக் கூடாது என்பதும் புரிஞ்சுடும்.

மளிகைக் கடை டூ வைத்தியர்

டேனியல் டேவிட் பால்மர் 1845 மார்ச் 7-ல் கனடாவின் ஒன்டாரியோ பகுதியில் பிறந்தவர். 20 வயதில் பிழைப்பு தேடி அமெரிக்கா வந்தார். பள்ளி ஆசிரியர், தேனீ வளர்ப்பு, மளிகைக் கடை என்று பல தொழில் பார்த்தார். 1880-களில் ‘காந்த சிகிச்சை’ பக்கம் திரும்பினார். நோயாளியின் உடலில் கை வைத்தே நோயைப் போக்கலாம் என்பதுதான் அந்த முறை. அயோவா மாநிலத்தின் டாவன்போர்ட் நகரில் அவர் நடத்திய சிகிச்சை மையத்துக்கு நல்ல கூட்டம் வந்தது.

1895 செப்டம்பர் 18... நடந்தது என்ன?

அவர் இருந்த கட்டடத்தில் துப்புரவு வேலை பார்த்தவர் ஹார்வி லில்லார்ட். பல வருடமாகக் காது சரியாகக் கேட்காது. அவர் முதுகில் ஒரு முள்ளெலும்பு துருத்திக்கொண்டிருந்ததாகவும், அதைக் கையால் தள்ளிச் சரிசெய்ததும் காது கேட்டதாகவும் பால்மர் சொன்னார். கைரோபிராக்டிக் பிறந்த நாளாக இன்றும் கொண்டாடப்படுவது இந்த நாள்தான்.

ஆனா, லில்லார்டின் மகள் பின்னாளில் சொன்னது வேற கதை. அப்பா சொன்ன ஜோக்கைக் கேட்டுச் சிரித்த பால்மர், புத்தகம் வைத்திருந்த கையால் முதுகில் ஒரு தட்டு தட்டினாராம். சில நாள் கழித்துக் காது கொஞ்சம் தேறியதாம். இதில் எது உண்மை என்றாலும் ஒரு சிக்கல் இருக்கு. காதில் இருந்து மூளைக்குப் போகும் கேட்டல் நரம்பு மண்டை ஓட்டுக்குள்ளேயே முடிந்துவிடும். முதுகெலும்பு வழியாக அது போவதே இல்லை.

எல்லா நோய்க்கும் ஒரே காரணமா?

பால்மர் அந்த ஒரு சம்பவத்தோடு நிற்கவில்லை. முள்ளெலும்பு இடம் மாறி நரம்பை அழுத்துவதுதான் நோய்களில் 95 சதவீதத்துக்குக் காரணம் என்று அறிவித்தார். கிருமிகளால் நோய் வரும் என்று ஆய்வகங்கள் நிரூபித்துக்கொண்டிருந்த காலம் அது. அவரோ தடுப்பூசியையே எதிர்த்தார். கை, செயல் என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களைச் சேர்த்து சிகிச்சைக்குப் பெயர் வைக்கப்பட்டது. 1897-ல் டாவன்போர்ட்டில் பள்ளியும் தொடங்கினார்.

1906-ல் சிக்கல் வந்தது. உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்த வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. அபராதம் கட்டாமல் சிறைக்குப் போனார். பிறகு மனம் மாறி, பணம் கட்டி வெளியே வந்தார். பள்ளி அவர் மகன் பி.ஜே.பால்மர் கைக்குப் போனது. தொழிலைப் பெரிதாக்கியவர் மகன்தான். ஆனால் அப்பா, மகன் இடையே பகை முற்றியது. ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொடுத்த தந்தை, 1913 அக்டோபர் 20-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். காரணம், டைபாய்டு. ஆமாம், கிருமியால் வரும் அதே டைபாய்டுதான்.

அதே 1913-ல் கன்சாஸ் மாநிலம் கைரோபிராக்டிக் தொழிலுக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. கடைசியாக 1974-ல் லூசியானாவும் சேர, அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அங்கீகாரம் கிடைத்தது.

அப்போ கழுத்துவலி ஏன் வருது?

கழுத்தில் இருப்பது 7 எலும்பு. அதன் மேல் கிட்டத்தட்ட 5 கிலோ தலை. குனிந்தபடியே செல்போன் பார்ப்பது, உயரமான தலையணை, மணிக்கணக்கில் ஒரே நிலையில் உட்கார்வது எல்லாம் கழுத்துத் தசைகளை இறுக்கிவிடும். வயதானால் எலும்புத் தேய்மானம், டிஸ்க் பிதுக்கமும் சேரும். டிஸ்க் நரம்பை அழுத்தினால் வலி கை வரைக்கும் இறங்கும். எலும்பு ‘இடம் மாறியதால்’ வரும் வலி இல்லை இவை.

நெட்டி முறிக்கும்போது வரும் சத்தமும் எலும்பு சரியான இடத்தில் உட்காரும் சத்தம் கிடையாது. மூட்டுத் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாவதால் கேட்பது அது. பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் சிகிச்சை, சாதாரண கழுத்துவலிக்குக் கொஞ்ச நாள் நிவாரணம் தரலாம். பால்மர் சொன்னதில் இன்று மிஞ்சி நிற்பது இந்தச் சின்ன பகுதிதான். காது, சர்க்கரை, ஆஸ்துமா என்று யாராவது நீட்டினால் நம்ப வேண்டாம். பெரும்பாலான கழுத்துவலி சில வாரங்களில் தானாகவே குறையும். பிசியோதெரபி பயிற்சிகள் கைகொடுக்கும்.

எப்போ உஷாராகணும்?

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு தமனிகள் கழுத்தெலும்புகளின் ஓட்டைகள் வழியாகத்தான் மேலே ஏறுகின்றன. கழுத்தை வேகமாகத் திருகினால், அபூர்வமாக அந்த ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம். கழுத்தைத் திருப்பிய பிறகு திடீர் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம், இதுவரை இல்லாத கடும் தலைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகணும்.

அடிபட்ட பிறகு வரும் கழுத்துவலி, கை கால் மரத்துப்போதல், காய்ச்சலோடு கழுத்து இறுக்கம், சிறுநீர் கட்டுப்பாடு இழப்பது இருந்தால் நெட்டி முறிக்கும் பேச்சே வேண்டாம். முதலில் டாக்டர். அப்புறம், அடுத்த முறை சலூனில் தலையைப் பிடித்தால்... வேண்டாம் அண்ணேன்னு சொல்லிடுங்க!