ஆன் ஜட்சன் அம்மையாரின் இரங்கூன் இல்லறம்

பர்மிய மொழியில் வேதாகமம் முழுவதையும் பெயர்த்தவரும், அம்மொழிக்கு அகராதி வகுத்தவருமாகிய அதோனிராம் ஜட்சன் ஐயரின் பெயரை அறியாதார் மிஷன் கல்லூரிகளில் அரியர். அவர்தம் முதல் மனைவியாராகிய ஆன் அம்மையாரைப் பற்றியோ, நாம் கேட்டிருப்பதெல்லாம் பெரும்பாலும் ஆவாநகரத்துச் சிறைவாயிற் கதை ஒன்றே. அக்கதை பெரிதுதான். ஆயினும், அச்சிறைவாயிலில் நின்று பர்மிய அதிகாரிகளோடு அவர்கள் மொழியிலேயே வாதாடும் நாவன்மை ஓர் அமெரிக்க மாதுக்கு எங்ஙனம் வாய்த்தது என்று வினவுவார் இலர். அது பத்தாண்டுகளுக்கு முன்னரே, இரங்கூனில் ஒரு வீட்டின் சமையலறையிலும் முற்றத்திலும் வாய்த்தது. அதனைச் சிறிது விரித்துரைக்க விரும்புகின்றேன்.

ஆன் ஹாஸெல்டைன் 1789-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், அமெரிக்காவின் மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்திலுள்ள பிராட்போர்டு என்னும் ஊரிற் பிறந்தார். அவ்வூர்க் கலாசாலையிற் பயின்று, சிலகாலம் பிள்ளைகளுக்குப் போதித்தும் வந்தார். 1810-ஆம் ஆண்டில், குருமார் சிலர் அவ்வூரிற் கூடியபோது, அவர் தந்தையார் இல்லத்துக்கு விருந்தினராய் வந்த இளைஞரே ஜட்சன். இவர் பெண் கேட்டு அத்தந்தையார்க்கு விடுத்த கடிதம் பேர்பெற்றது. மணம் பேச வருவோர் தம் செல்வத்தையும் குலத்தையும் எடுத்துரைத்தல் உலக வழக்கம். இவரோ அம்மகளை இவ்வுலகில் மீண்டும் காணாதிருக்கவும், அவள் வெப்பத்தாலும் வறுமையாலும் ஒருவேளை கொடிய மரணத்தாலும் வருந்தவும் தந்தை இசைவாரோ என்று ஒளிவின்றி வினவினார். தந்தையார் முடிவை மகளிடமே விட்டனர். மகள் இசைந்தார்.

1812-ஆம் ஆண்டு பெப்ரவரி 5-ஆம் நாள் விவாகம் நடந்தது. அதே மாதம் 19-ஆம் நாள் சேலம் துறைமுகத்திலிருந்து இருவரும் கப்பலேறினர். (இச்சேலம் நம் சேலமன்று, மாஸச்சூஸெட்ஸிலுள்ளது.) அவர்களோடு நியூவல் ஐயரும் அவர் மனைவியார் ஹாரியட்டும் சென்றனர். நான்கு மாதக் கடற்பயணத்தின் பின் கல்கத்தாவை அடைந்தபோது, கிழக்கிந்தியக் கம்பெனியார் அவர்களைத் தங்க விடவில்லை. ஞானஸ்நானத்தைப் பற்றிய கொள்கையை ஜட்சன் தம்பதிகள் அங்கே மாற்றிக்கொண்டமையால், அவர்களை அனுப்பிய சங்கத்தின் ஆதரவும் நீங்கியது. மொரீசுத் தீவுக்குச் சென்றனர். அங்கே அவர்களை எதிர்கொண்ட செய்தி, முன்னரே அத்தீவுக்குச் சென்றிருந்த ஹாரியட் அம்மையார் இறந்துபட்டார் என்பது. அவருக்கு வயது பத்தொன்பது. இதனை எழுதும் எளியேனுக்கும் அதுவே வயதாதலின், அவ்வெண்ணைக் கண்டவுடன் சிறிதுநேரம் மேலே படிக்க இயலாதிருந்தேன்.

1813-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர்கள் சென்னைக்கு வந்தனர். இங்கும் கம்பெனியாரின் கை நீளுமாதலின், விரைவிற் புறப்படும் கப்பலை நாடினர். கிடைத்தது ஒன்றே, அஃது இரங்கூனுக்குச் செல்வது. பர்மாவோ அவர்கள் அஞ்சி ஒதுக்கிவைத்த தேசம். வேறு வழியின்மையால் அதில் ஏறினர். அம்மையாருக்குத் துணையாகச் சென்னையில் அமர்த்திய தாதி கப்பலேறிய உடனே இறந்தாள். நடுக்கடலில், மருத்துவர் எவருமின்றி, அம்மையார் தம் தலைச்சன் குழந்தையை உயிரற்றதாய்ப் பெற்றார். ஜூலை 13-ஆம் நாள் கப்பல் இரங்கூனை அடைந்தபோது அவர் நடக்கும் நிலையில் இல்லை. ஒரு நாற்காலியில் அமர்த்தி ஆட்கள் சுமந்து சென்றனர். வெள்ளைக்கார மாது ஒருத்தியைக் கண்டறியாத பர்மியப் பெண்கள் கூடிவந்து, அவர் தொப்பியின்கீழ்க் குனிந்து முகத்தை நோக்கினர். அந்நாட்டோடு அவர் கொண்ட முதற் பழக்கம் இதுவே.

அவர்கள் குடிபுகுந்த வீடு சீராம்பூர்க் கேரி ஐயரின் மகனாகிய பீலிக்ஸ் கேரி வசித்தது. நகர மதிலுக்குப் புறத்தே, கொலைக்களத்துக்கு அண்மையில், மரங்கள் செறிந்த தோட்டத்தின் நடுவே அது நின்றது. கள்வர் பயம் மிகுதி. பீலிக்ஸ் கேரி அப்போது அரசன் அழைப்பின்மேல் தலைநகர் சென்றிருந்தார். அவர் மனைவியார் அந்நாட்டிற் பிறந்தவர், ஆங்கிலம் சிறிதே அறிந்தவர். உணவோ, பிறந்த நாள் முதல் உண்டு பழகிய எதுவும் அங்கில்லை. ரொட்டி இல்லை, வெண்ணெய் இல்லை, உருளைக்கிழங்கு இல்லை. சோறும் கோழிக்கறியும், வெள்ளரிக்காயோடு வேகவைத்த கோழியுமே நாள்தோறும் கிடைத்தன. சோறும் கறியும் நமக்கு அமிழ்தம். அதனை ஒருவர் குறையாக எண்ணுதல் நமக்கு நகைப்பைத் தரலாம். நம்மில் ஒருவர் பாஸ்டன் நகரிற் சென்று ஆண்டு முழுவதும் ரொட்டியே உண்டிருப்பின் அந்நகைப்பு அடங்கும்.

அவர்கள் மொழி கற்ற முறையை இனிக் கூறுவேன். அவர்கள் கைக்குத் தக்க அகராதியோ இலக்கண நூலோ இல்லை. அமர்த்திய ஆசிரியர் கற்றவர். ஆனால் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் தெரியாது. ஒரு பொருளைச் சுட்டிக்காட்டுவதும், அவர் கூறும் பெயரைத் திருப்பிச் சொல்வதுமே முதற்பாடமாயின. நூல்கள் பனையோலையிற் கீறப்பட்டவை. வட்டவட்டமாகிய எழுத்துகள் சொல்லுக்குச் சொல் இடைவெளியின்றித் தொடர்ந்து ஓடும். ஓலைச்சுவடியைக் கையிலெடுத்துப் பார்த்த தமிழ் மாணவர்க்கு அவ்விடர் இத்தகையது என விளக்க வேண்டுவதில்லை. ஆசிரியர் முதலில் அம்மையாரைப் பொருட்படுத்தவில்லை. ஒரு பெண்ணுக்குக் கற்பித்தல் தம் தகுதிக்குக் குறைவென்று எண்ணினார். அம்மையார் விடாது நாள்தோறும் வந்தமர்வதையும், தம் மனைவியும் தம்மைப் போலவே கற்க வேண்டுமென ஐயர் விழைவதையும் கண்ட பின்னரே அவர் மனம் மாறினார்.

ஐயர் காலை முதல் இரவு வரை ஓலையோடிருந்தார். அம்மையாருக்கு அவ்வளவு ஓய்வில்லை. வீட்டுப் பொறுப்பு முழுவதும் அவருடையது. சமையற்காரன், வேலையாட்கள், காய்கறி விற்போர் ஆகிய எவருக்கும் ஆங்கிலம் தெரியாது. அரிசி வேண்டுமாயினும், விலை மிகுதி என்று சொல்ல வேண்டுமாயினும், பர்மிய மொழியிலன்றி வழியில்லை. பிழையாகச் சொன்னால் பிழையான பொருள் வந்துசேரும். இதன் பயனாக நிகழ்ந்தது வியப்புக்குரியது. மொழியின் அமைப்பையும் இலக்கணத்தையும் ஐயர் மிக ஆழ்ந்தறிந்தார். ஆனால் பேசுவதிலும் பிறர் பேச்சை உணர்வதிலும் அம்மையார் அவரை முந்திவிட்டார். நூற்பாக்களை நெட்டுருச் செய்து பட்டம் பெற முயலும் என்போன்றார் இதைப் படிக்கும்போது சற்று நாணவே செய்வர்.

1814-ஆம் ஆண்டில் பீலிக்ஸ் கேரி குடும்பத்தோடு தலைநகருக்குப் புறப்பட்டார். ஐராவதி ஆற்றிற் கப்பல் கவிழ்ந்து அவர் மனைவியும் மக்களும் மாண்டனர். ஜட்சன் தம்பதிகள் அவ்வீட்டில் தனித்தனர். மறு ஆண்டின் தொடக்கத்தில் அம்மையார் நோயுற்று, மருத்துவம் பெறத் தனியே சென்னைக்கு வந்து திரும்பினார். செப்டம்பர் 11-ஆம் நாள் ஆண்குழந்தை பிறந்தது. ரோஜர் வில்லியம்ஸ் என்று பெயரிட்டனர். தந்தை ஓலையைப் படித்துக்கொண்டிருக்கக் குழந்தை அருகே கிடந்து அவர் முகத்தை நோக்கியிருக்குமாம். எட்டுத் திங்கள் நிரம்பும் முன்னர், 1816-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், காய்ச்சலால் அஃது இறந்தது. தோட்டத்து மாமரங்களினிடையே அடக்கம் செய்தனர். இரங்கூன் ஆளுநரின் மனைவியார் பரிவாரத்தோடு வந்து துக்கம் விசாரித்து, அடக்கத்துக்குத் தம்மை அழைக்கவில்லையே என வருந்தினார். பின் அவர்களை யானைமேல் ஏற்றிக் காட்டுச் சோலைக்கு அழைத்துச் சென்று தேற்றினார். இரங்கூனில் தமக்கு ஒரு சுற்றம் அமையத் தொடங்கியதை அம்மையார் அன்று உணர்ந்திருத்தல் வேண்டும்.

அந்நாட்டில் வாழ்வதா, விட்டகல்வதா என்பதை அவர் தனித்து நின்று முடிவு செய்ய வேண்டிய காலம் 1818-இல் வந்தது. முன் ஆண்டு டிசம்பரில் ஐயர் சிட்டகாங்குக்குக் கப்பலேறியிருந்தார். மூன்று மாதத்தில் திரும்புவதாக ஏற்பாடு. எதிர்க்காற்று அக்கப்பலை அலைத்து, முடிவில் நம் கிழக்குக் கரையிலுள்ள மசூலிப்பட்டணத்திற் சேர்த்தது. அங்கிருந்து ஐயர் பல்லக்கில் தரைவழியாய்ச் சென்னையை அடைந்து, இரங்கூன் செல்லும் கப்பலுக்குப் பலநாள் காத்திருந்தார். இஃதொன்றும் அம்மையாருக்குத் தெரியாது. சிட்டகாங்கிலிருந்து வந்த கப்பலொன்று, ஐயரோ அவர் சென்ற கலமோ அவ்விடம் வரவேயில்லை என்ற சமாசாரத்தையே கொண்டுவந்தது.

அவ்வேளையில் நகரத்தில் வாந்திபேதி பரவி, சாப்பறையின் ஒலி பகல் முழுவதும் கேட்டது. ஆங்கிலேயரோடு போர் மூளுமென்ற வதந்தியும் எழுந்தது. அச்சுப்பொறியோடு 1816-இல் வந்து சேர்ந்திருந்த ஹஃப் ஐயரை உத்தியோகஸ்தர் நாள்தோறும் கச்சேரிக்கு அழைத்து அலைக்கழித்தனர். அவருக்கு மொழிப்பயிற்சி போதாது. அம்மையார் ஆசிரியரின் உதவியால் பர்மிய மொழியில் மனு எழுதி, தாமே ஆளுநர் முன் சென்று முறையிட்டு, அத்தொல்லையை நீக்கினார். சந்தையிற் கற்ற மொழி அரண்மனையிற் செல்லுபடியாயிற்று.

துறைமுகத்திலிருந்த கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பாய்விரித்தன. கடைசிக் கப்பல் ஒன்றே எஞ்சியது. ஹஃப் குடும்பத்தார் வற்புறுத்தினர். கணவர் உயிரோடிருப்பதற்கு அடையாளம் யாதுமில்லை. ஜூலை மாதத் தொடக்கத்தில் அம்மையார் மனமின்றி அக்கப்பலில் ஏறினார். கப்பல் ஆற்றிற் சிறிது தூரம் சென்றதும், சரக்கு ஏற்றிய முறை தவறானமையால் கடலுக்குத் தகுதியற்றதென்று கண்டு நிறுத்தினர். அம்மையார் அத்தாமதத்தைப் பற்றிக்கொண்டார். இறங்கினார், படகில் நகருக்குத் திரும்பினார், வெறுமையாய்க் கிடந்த வீட்டைத் திறந்து, தம் பாடங்களைத் தொடர்ந்தார். கணவர் வருவாரென்ற நம்பிக்கை மட்டுமே அவரைத் திருப்பியதெனப் பலர் கூறுவர். எனக்கு அதுமட்டுமன்றென்றே தோன்றுகிறது. ஐந்தாண்டு நடத்திய வீடு அது. மகன் துயின்ற தோட்டம் அது. அவர் பேசிய மொழி அங்குள்ளோர் மொழி. ஆகஸ்டுத் தொடக்கத்தில் ஐயர் வந்து சேர்ந்தார். அம்மையார் சென்றிருப்பின் அவர் கண்டிருப்பது பூட்டிய கதவையே.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். 1819-இல் வழிப்போக்கர் தங்கும் பர்மியச் சாவடியைப் போல ஒன்று கட்டி, அதிலமர்ந்து ஐயர் வருவோரோடு பேசலானார். ஜூன் மாதத்தில் மௌங் நௌ என்பவர் முதன்முதல் ஞானஸ்நானம் பெற்றார். அம்மையார் இரங்கூனில் வாழ்ந்த சயாம் நாட்டாரைக் கண்டு அவர்கள் மொழியையும் கற்று, மத்தேயு சுவிசேஷத்தை அதிற் பெயர்த்தார். தானியேல், யோனா ஆகிய ஆகமங்களைப் பர்மிய மொழியிலாக்கியவரும் அவரே. உடல் நலிந்து 1822-இல் தாய்நாடு சென்றவர், 1823-ஆம் ஆண்டு இறுதியில் மீண்டார். தம்பதிகள் தலைநகராகிய ஆவாவிற் புது வீடு அமைக்கப் புறப்பட்டனர். அவ்வில்லறம் சில மாதங்களே நிலைத்தது. போர் மூண்டது. 1824-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள், ஒற்றர் என்ற ஐயத்தால் ஐயரைப் பிணித்துச் சிறையிலிட்டனர்.

அச்சிறையிற் கைதிக்கு உணவளிப்பார் இலர். உற்றாரே கொண்டுவருதல் வேண்டும். அம்மையார் நாள்தோறும் சோறு அனுப்பியும், அதிகாரிகளின் வாயில்களில் நின்று முறையிட்டும் காலங்கழித்தார். ஒருநாள், கணவர் சோற்றையே உண்டு சலித்திருப்பாரென எண்ணி, பிறந்த நாட்டுப் பண்டமொன்றைச் செய்ய முயன்றார். எருமை இறைச்சியையும் வாழைக்காயையும் கொண்டு, நியூ இங்கிலாந்தில் இறைச்சியை மாவினுள் வைத்துச் சுடும் பணியாரத்தைப் போல ஒன்றைச் செய்தனுப்பினார். ஐயர் அதைக் கண்டதும் தந்தையின் வீட்டுப் பந்தியை நினைந்து கண்ணீர் விட்டார். உண்ண இயலாமல் உடனிருந்த கைதியிடம் கொடுத்துவிட்டார். விலங்கையும் பசியையும் பொறுத்தவர் இதனைப் பொறுக்கவில்லை.

புதிய ஏற்பாட்டின் கையெழுத்துப்படியை ஒரு கடினமான தலையணையினுள் வைத்துத் தைத்துச் சிறைக்கு அனுப்பியவரும் அம்மையாரே. பின்னர்க் காவலர் தலையணையைப் பறித்து, உள்ளிருந்த கட்டியை எறிந்துவிட்டனர். மௌங் இங் என்னும் அடியவர், உள்ளிருப்பது யாதென அறியாமலே, ஐயரின் நினைவாக அதனை எடுத்துப் பேணினார்.

1825-ஆம் ஆண்டு ஜனவரியில் மரியா என்ற பெண்மகவு பிறந்தது. மே மாதத்தில் கைதிகளை அவுங்பின்லே என்னும் சிற்றூருக்கு நடத்திச் சென்றனர். அம்மையார் கைக்குழந்தையோடும், தம்மிடம் வளர்ந்த இரு பர்மியச் சிறுமியரோடும், வங்காளச் சமையற்காரனோடும் பின்தொடர்ந்தார். அச்சமையற்காரன் கூலியையும் தன் சாதியாசாரத்தையும் கருதாது உழைத்தான். பெரியம்மை வந்தபோது அம்மையார் சிறைக்காவலரின் பிள்ளைகளுக்கும் அம்மை குத்தினார். பின்னர் அவரே நோயில் வீழ்ந்து பாலற்றுப்போக, ஐயர் காவலருக்குக் கைக்கூலி கொடுத்து, குழந்தையை ஏந்தி ஊருக்குள் வீடுவீடாய்ச் சென்று, கைக்குழந்தையுடைய தாய்மாரிடம் பாலுக்கு இரந்தார். அம்மொழியை அவர்கள் இருவரும் கற்றது இதற்கும் உதவிற்று.

1826-ஆம் ஆண்டு பெப்ரவரி 24-ஆம் நாள் யாண்டபோ உடன்படிக்கையாற் போர் ஓய்ந்தது. ஆங்கிலேயர் புதிதாய் அமைத்த ஆமெர்ஸ்டு என்னும் ஊரில் அவர்கள் மீண்டும் குடியேறினர். ஐயர் ஆங்கிலத் தூதரோடு ஆவாவுக்குச் செல்ல நேர்ந்தது. அம்மையார் அங்கே வீடும் பள்ளியும் அமைக்கும் வேலையிலிருக்கையில் ஜுரங் கண்டு, அக்டோபர் 24-ஆம் நாள் உயிர் நீத்தார், வயது முப்பத்தாறு. கணவர் அருகில்லை. பர்மியக் கிறிஸ்தவர்கள் சுற்றி நின்றனர். ஒரு மரத்தின் நிழலில் அவரை அடக்கம் செய்தனர்.

மறு ஆண்டு ஜனவரியில் ஐயர் ஆமெர்ஸ்டுக்குத் திரும்பி, மனைவியார் ஆயத்தம் செய்திருந்த வீட்டினுள் நுழைந்தார். குழந்தை மரியா அவரை அடையாளம் அறியாமல் அஞ்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூன்று மாதங்கழித்து அவளையும் அம்மரத்தடியிலேயே தாயின் பக்கத்தில் வைத்தனர்.