கொங்கு நாட்டுக் கல்வித் தொண்டர்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் பெருவழியில் ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவில் பெரியநாயக்கன்பாளையம் என்னும் ஊர் உள்ளது. அதன் மேற்கே மலைத்தொடர் நீலநிறமாய் ஓங்கி நிற்கும். மேல்காற்றுக் கொணரும் மழையை அம்மலை தடுத்துவிடுவதால் அடிவாரத்துக்குக் கிழக்கே கிடக்கும் நிலம் மழை குறைந்தது. அங்குள்ள உழவர், கல்லைக் குடைந்து ஆழ்கிணறு வெட்டி, எருதுகளைப் பூட்டிக் கவலையிறைத்துக் கம்பும் சோளமும் பருத்தியும் விளைவித்தனர். உழைப்புக்கு அஞ்சாத அம்மக்களுக்கு நடுவே, உழைப்பையே பாடமாகக் கொண்ட கல்விநிலையம் ஒன்றை அமைத்தவர் தி. சு. அவினாசிலிங்கம் அவர்கள்.

அவர் 1903-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் திருப்பூரில் செல்வக்குடி ஒன்றில் பிறந்தார். சென்னையில் பயின்று கலைப்பட்டமும் சட்டப்பட்டமும் பெற்றார். வழக்கறிஞராக இருந்து பெரும்பொருள் ஈட்டும் வாய்ப்பு அவர்முன் விரிந்து கிடந்தது. ஆயினும் இராமகிருஷ்ண பரமஹம்சரின் நேர்ச் சீடருள் ஒருவரான சுவாமி சிவானந்தரின் அருளும், காந்தியடிகளின் தொண்டுநெறியும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. இல்லறம் ஏற்காமல் வாழ்நாள் முழுவதையும் கல்விப் பணிக்கே ஈந்தார்.

அவர் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமாயின், அதற்கு முன்னிருந்த நிலையைச் சிறிது அறிதல் வேண்டும்.

பழந்தமிழ் ஊர்களில் திண்ணைப் பள்ளிகள் இருந்தன. மாணவர் மணலில் விரலால் எழுதி எழுத்தறிந்தனர். ஓலையில் எழுத்தாணியால் எழுதிப் பழகினர். எண்சுவடி மனப்பாடம் செய்தனர். நாழியும் மரக்காலும் கொண்டு அளக்கும் கணக்கைக் கற்றனர். சென்னை மாகாணத்தின் ஆளுநராயிருந்த தாமஸ் மன்றோ 1822-இல் எல்லா மாவட்டங்களிலும் கணக்கெடுக்கச் செய்தார். 12,498 பள்ளிகள் மாகாணத்தில் உள்ளன என்பது 1826-இல் தெரியவந்தது. ஊரார் தம் பொருளாலேயே அவற்றைப் பேணி வந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. அப்பள்ளிகளில் கற்றவர் ஊரிலேயே வாழ்ந்து, ஏரிக்கும் கோயிலுக்கும் கணக்கெழுதினர், வழக்குத் தீர்த்தனர், மருந்து கொடுத்தனர். ஊரின் தலைவர் ஊரிலேயே உருவாயினர்.

1835-க்குப் பின் ஆங்கிலக் கல்வி பரவிற்று. அதனால் பல நன்மைகள் விளைந்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊரிலே அறிவிற் சிறந்த சிறுவன் எவனோ அவனே பட்டணம் சென்றான், அலுவலகத்தில் எழுத்தரானான், ஏரைத் தொட நாணினான். கிராமம் தன் தலைமக்களை ஆண்டுதோறும் இழந்தது.

எனினும் பழைய முறையைக் குறையற்றது என்று போற்றுதல் நேர்மையாகாது. திண்ணைப் பள்ளியின் வாயில் எல்லார்க்கும் திறந்திருக்கவில்லை. நிலத்தில் உழைத்தவருள் ஒரு பெருங்கூட்டத்தார் தீண்டத்தகாதார் என ஒதுக்கப்பட்டு, தனிச் சேரியில் வாழ்ந்து, தனிக் கிணற்றில் நீர் முகந்தனர். அவர்தம் பிள்ளைகளுக்கு எழுத்து எட்டாக் கனியாயிருந்தது. பெண்களின் நிலையும் பெரும்பாலும் அதுவே. ஆகவே பழைய குருகுலத்தின் நலத்தைக் கொள்ளவும் வேண்டும், அதனைச் சூழ்ந்திருந்த சுவரை இடிக்கவும் வேண்டும். இவ்விரண்டையும் ஒருங்கே செய்யத் துணிந்தவர் நம் அவினாசிலிங்கம்.

1930-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு வாடகை வீட்டில் இராமகிருஷ்ண வித்தியாலயம் தொடங்கிற்று. அதன் முதல் மாணவனாய்ச் சேர்ந்தவன், ஒதுக்கப்பட்ட வகுப்பிற் பிறந்த சிறுவன் ஒருவன். அந்தச் செயலே வித்தியாலயத்தின் முதற்பாடம் எனலாம். செல்வர் வீட்டுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, பெயர் வளர்ந்த பின்னர் ஏழைகளுக்கு இடமளிப்போம் என்று அவர் எண்ணவில்லை. யாரை ஊர் கடைசியில் வைத்ததோ அவனை முதலில் வைத்தார். பின்னர் வந்த பல குலத்து மாணவரும் அவனைப் போன்றாரோடு ஒரே இல்லத்தில் உறைந்து, ஒரே பந்தியில் உண்டனர். தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் சுற்றிவந்த காந்தியடிகள், 1934-இல் வித்தியாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். பெரியநாயக்கன்பாளையத்தில் அது வேரூன்றி வளர்ந்தது.

அக்காலம் விடுதலைப் போர் மூண்டிருந்த காலம். அவினாசிலிங்கம் அதில் ஈடுபட்டுப் பலமுறை சிறை புகுந்தார். நிறுவியவர் சிறையிலிருக்கப் பள்ளி நடப்பது எளிதன்று. உடனிருந்த ஆசிரியர்கள் அதனைத் தம் சொந்தக் குடும்பமாய்க் கருதித் தாங்கினர். அவ்வாசிரியருள் ஒருவர் பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பகுதியில் உழவர் குடியில் தோன்றிய அவர், கவிஞர், இசைப்பாடல்கள் இயற்றியவர், கிராம மக்கள் வாயில் வழங்கிய நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்தவர். எழுதப்படாத அறிவையும் அறிவென மதிக்கும் ஓர் ஆசிரியரிடம் பயிலும் பேறு எல்லா மாணவர்க்கும் வாய்ப்பதன்று.

1937-இல் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வித் திட்டத்தை வெளியிட்டார். தாய்மொழியில், ஒரு கைத்தொழிலை நடுவாக வைத்து, எல்லாப் பாடங்களையும் கற்பித்தலே அதன் கருத்து. அவினாசிலிங்கம் இம்முறையில் உறுதியான நம்பிக்கை கொண்டார்; அதனை விளக்கி நூலும் எழுதினார்.

கொங்கு நாட்டுக்கு நன்கு பொருந்தும் பருத்தியையே எடுத்துக்கொள்வோம். மாணவன் பருத்தியின் கொட்டையை நீக்குகிறான், பஞ்சைக் கொட்டுகிறான், தக்ளியிலோ இராட்டையிலோ நூற்கிறான். ஒரு ராத்தல் எடையுள்ள நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை உண்டோ, அத்தனையே அந்நூலின் நம்பர். தான் நூற்ற நூல் எத்தனையாம் நம்பர் என்று காண முயலும் சிறுவன், பெருக்கலையும் வகுத்தலையும் தானே தேடி வருகிறான். கரிசல் மண் ஏன் ஈரத்தை நெடுநாள் காக்கிறது என்று கேட்கும்போது நிலநூல் தொடங்குகிறது. நம் நெசவாளர் எவ்வாறு வறுமையுற்றனர் என்று கேட்டால் வரலாறு வருகிறது. இவ்வினாக்களுட் பலவற்றுக்கு அவன் தந்தையும் பாட்டியும் விடை கூறவல்லவர். எழுத்தறியாத பெற்றோரும் கல்விக்குத் துணையாகின்றனர். அவர்களை எண்ணி மாணவன் நாணுவதற்கு இடமில்லை.

நாடு விடுதலை பெறும் தறுவாயில், 1946-இல், அவினாசிலிங்கம் சென்னை மாகாணத்தின் கல்வி அமைச்சரானார். 1949 வரை அப்பதவியில் இருந்தார். அம்மூன்றாண்டில் அவர் ஆற்றிய பணிகள் பல. உயர்நிலைப் பள்ளிகளில் தாய்மொழி வழிக் கல்வி வலுப்பெற்றது. திருக்குறள் பள்ளிப் பாடத்தில் இடம்பெற்றது. நூலக இயல் அறிஞர் அரங்கநாதனின் நெடுநாள் முயற்சி கைகூடி, 1948-இல் பொது நூலகச் சட்டம் நிறைவேறிற்று. இந்தியாவில் ஒரு மாகாணம் இயற்றிய முதல் நூலகச் சட்டம் அதுவே. பள்ளியை விட்டகன்ற உழவனும் தொழிலாளியும் கட்டணமின்றி நூல் படிக்க அச்சட்டம் வழிகோலிற்று.

தமிழில் எல்லாத் துறைகளையும் கற்பிக்க இயலுமா என்று ஐயுற்றவர் அந்நாளில் பலர். அவர்களோடு சொற்போர் தொடுப்பதைவிட ஒரு நூலைச் செய்து காட்டுவது மேல் என்று அவர் கருதினார். 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தை நிறுவினார். அதன் வாயிலாகத் தமிழ்க் கலைக்களஞ்சியம் உருவாயிற்று. தம் வித்தியாலயத்து ஆசிரியர் தூரனையே அதன் தலைமைப் பதிப்பாசிரியராக்கினார். 1954-இல் முதல் தொகுதி வெளிவந்தது. 1968-இல் பத்தாம் தொகுதியோடு பணி நிறைவெய்திற்று. குழந்தைகளுக்கென வேறு பத்துத் தொகுதிகளும் பின்னர் வெளிவந்தன.

பதவி நீங்கியதும் அவர் மீண்டும் வித்தியாலயத்தை நாடினார். ஆசிரியர் பயிற்சி, வேளாண்மை, பொறித்தொழில், உடற்கல்வி எனப் பல கிளைகள் அங்குத் தோன்றின. 1956-இல் இந்திய அரசு கிராமிய உயர்கல்வி நிலையங்கள் சிலவற்றைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டுக்குக் கிடைத்தவை இரண்டு. ஒன்று திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமத்தில் அமைந்தது. மற்றொன்று பெரியநாயக்கன்பாளையத்தில் அமைந்தது. கிராமத்து இளைஞர் உயர்கல்வி பெற்றுக் கிராமத்துக்கே திரும்பி, கூட்டுறவுச் சங்கத்தையும் பஞ்சாயத்தையும் பண்ணையையும் நடத்தும் தலைவராதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

அந்நோக்கம் முழுதும் நிறைவேறியது என்று கூற இயலாது. பெற்றோர் பலர், தாம் பட்ட மண்பாடு தம் மக்களுக்கும் வேண்டுமோ என்று கேட்டனர். தலைமுறை தலைமுறையாய்க் கைத்தொழிலிலேயே கட்டுண்டு கிடந்தவர்க்கு, நூற்பைவிட அலுவலக நாற்காலியே விடுதலையாகத் தோன்றியது. அவர்கள் கேட்ட கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. காலப்போக்கில் ஆதாரப் பள்ளிகள் ஏனைய பள்ளிகளைப் போலாயின. இராட்டைகள் பரணேறின. ஆயினும் கொங்கு நாட்டில் ஊர்ப்பணியிலும் தொழிலிலும் ஆசிரியப் பணியிலும் ஈடுபட்டவர் பலர் வித்தியாலயத்தில் உருவாயினர் என்பதும் உண்மை.

பெண்கல்வியிலும் அவர் பின்தங்கவில்லை. 1957-இல் கோயம்புத்தூரில் மகளிர்க்கு மனையியல் கல்லூரி ஒன்றை நிறுவினார். சத்துணவு, குழந்தை வளர்ப்பு, உடல்நலம் ஆகியன அதுகாறும் பாட்டியிடமிருந்து பேத்திக்குச் சொல்வழக்காய் வந்தவை. அவற்றை ஆராய்ச்சிக்குரிய அறிவியலாகப் பெண்கள் அங்குப் பயின்றனர். சிற்றூர்களுக்குச் சென்று தாய்மாரோடு பழகுவதும் அவர்தம் கல்வியில் அடங்கியிருந்தது. அக்கல்லூரி 1988-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று.

1952 முதல் ஐந்தாண்டுகள் திருப்பூர்த் தொகுதியின் சார்பில் மக்களவையிலும், பின்னர் மாநிலங்களவையிலும் அவர் உறுப்பினராய் வீற்றிருந்தார். 1970-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கிற்று. கதராடையும் எளிய உணவுமாய் வாழ்ந்த அவர், 1991-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 21-ஆம் நாள், தம் எண்பத்தொன்பதாம் அகவையில் மறைந்தார். ஒரு மாணவனோடு வாடகை வீட்டில் தொடங்கிய வித்தியாலயம், மலையடிவாரத்தில் அகன்ற வளாகமாய் இன்றும் நடைபெற்று வருகிறது.