கேப்பர் மலையைப் படித்தவர்

கடலூரை அடுத்துச் சிவந்து கிடக்கும் கேப்பர் மலையை நம்மில் பலர் பேருந்து ஜன்னல் வழியே பார்த்துக் கடந்திருப்போம். அந்த மேட்டின் கல்லுக்குப் புவியியலில் 'கடலூர் மணற்கல்' என்று பெயர். அதை அப்பெயரால் விவரித்தவர் ஹென்றி பிரான்சிஸ் பிளான்ஃபோர்டு. இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராக அவரை அறிந்தவர்களும், அவர் தென்னார்க்காட்டு மண்ணில் நடந்து திரிந்தவர் என்பதை அறிவதில்லை.

1834-இல் லண்டனில் பிறந்த பிளான்ஃபோர்டு, ஜெர்மனியின் ஃப்ரைபெர்க்கிலும் பயின்றவர். 1855-இல் தம்முடைய அண்ணன் வில்லியமுடன் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். ஒடிசாவின் தால்ச்சேர் நிலக்கரிப் பகுதிக்குப் பின், திருச்சிச் சீமைக்கு அனுப்பப்பட்டார். நத்தை போலச் சுருண்ட கடலுயிர்ப் படிவங்கள் அங்கே வயல்வெளியில் கிடந்தன. அப்பாறைகளை ஊட்டத்தூர், திருச்சி, அரியலூர் என மூன்று தொகுதிகளாக அவர் பிரித்தார். அப்பகுப்பு இன்றும் வழக்கில் உள்ளது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் அதுவரை வந்து பின்வாங்கியதை அந்த அடுக்குகள் காட்டின. அரியலூர் சிமெண்ட் ஆலைகள் இன்று அரைப்பது அந்தக் கடலின் சுண்ணாம்பைத்தான்.

சிதம்பரத்தில் பொருளாதாரம் கற்பித்த காலத்தில், பிச்சாவரம் முகத்துவாரத்தின் மணல்திட்டுகள் சில ஆண்டுகளிலேயே இடம் மாறுவதை நானே கண்டிருக்கிறேன். நாமோ உயர் அலைக்கோட்டிலிருந்து இத்தனை மீட்டர் என்று அளந்து, அந்தக் கோடு அசையாதது போல மனைக்கு விலை பேசுகிறோம். 2004 ஆழிப்பேரலையும் இந்தப் பழக்கத்தை மாற்றவில்லை.

உடல்நலம் குன்றியதால் 1862-இல் ஆய்வுத் துறையை விட்டு, கல்கத்தா மாநிலக் கல்லூரியில் பேராசிரியரானார் பிளான்ஃபோர்டு. 1864 அக்டோபரில் பெரும்புயல் கடலை ஹூக்ளி ஆற்றுக்குள் ஏற்றிப் பல்லாயிரம் உயிர்களைக் கொன்றது. காஸ்ட்ரெல் என்ற அதிகாரியுடன் சேர்ந்து அவர் அதை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். கல்லைப் படித்தவர் காற்றைப் படிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

ஆயினும் கல்லை அவர் மறக்கவில்லை. இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒத்த தாவரப் படிவங்கள் கிடைப்பதைக் கொண்டு, இந்தியப் பெருங்கடலில் முன்பொரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்று 1875-இல் வாதிட்டார். லெமூரியா பற்றிப் பேசும் நம் அன்பர்கள் இத்தகைய கட்டுரைகளைச் சான்று காட்டுவதுண்டு. நிலம் மூழ்கவில்லை, கண்டங்களே நகர்ந்தன என்பதைப் பிற்கால அறிவியல் நிறுவியதையும் அவர்கள் சேர்த்துச் சொன்னால் நல்லது.

அதே 1875-இல் வானிலைத் துறையின் பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டே தாது வருடப் பஞ்சம் வந்து சென்னை மாகாணத்தைச் சூறையாடியது. மழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்று அரசு அவரிடம் கேட்டது. இமயமலையில் பனி மிகுந்தால் பருவமழை குறையும் என்ற தொடர்பைக் கண்டு, 1882 முதல் சோதனை முறையில் முன்னறிவிப்புகளைத் தந்தார். தானியச் சந்தையில் ஒரு மாத முன்னறிவு எத்தனை உயிருக்குச் சமம் என்பதைப் பஞ்ச வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். ஆனால், அக்கணிப்பு தென்மேற்குப் பருவமழைக்கானது. கடலூரும் சிதம்பரமும் நம்பியிருக்கும் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அதில் விடையில்லை.

ஓய்வுபெற்று இங்கிலாந்து திரும்பிய பிளான்ஃபோர்டு, 1893 ஜனவரியில் ஃபோக்ஸ்டோன் என்ற கடற்கரை ஊரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 58.